நாற்பத்தொன்பதுக்கு மேல் கட்டம் இல்லை

பேருந்து நிலையத்து ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு, "உள்ள யாரு? சீக்கிரம் வெளிய வாங்க, எனக்கு வேலை இருக்கு" என்று குரல் கொடுப்பது பெட்டியக்காவுக்கு ஒன்பது வருடப் பழக்கம். முதல் வருடம் அவள் வெட்கப்பட்டாள். இரண்டாம் வருடம் உள்ளே இருந்தவர்கள் வெட்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு தரப்புக்குமே அதற்கெல்லாம் பொழுதில்லை. கதவு திறக்கும், ஆள் தலையைக் குனிந்துகொண்டு நழுவுவார், இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவாள். சுவரில் இருக்கும் தகரப் பெட்டியைச் சாவி போட்டுத் திறந்து, நூறு ஆணுறைப் பொட்டலங்களை அடுக்கி, போன தடவை வைத்ததில் எத்தனை தீர்ந்தது என்று தாளில் எழுதிக்கொண்டு, அடுத்த இடத்துக்கு வண்டியைக் கிளப்புவாள்.

ஊரில் இப்படி முப்பத்தெட்டுப் பெட்டிகள். லாட்ஜ், முடிதிருத்தும் கடை, லாரி நிறுத்துமிடம், காய்கறி ஏலக்கூடம், கல்லூரி விடுதி என்று எல்லா இடத்திலும் இருந்தன. எச்.ஐ.வி. தடுப்பு வேலை பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனம் அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. நியமனக் கடிதத்தில் 'களப்பணியாளர்' என்று போட்டிருந்தார்கள். ஊர் அதைப் 'பெட்டியக்கா' என்று சுருக்கிவிட்டது.

அதற்கு முன்னால் அவள் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை ஒரு திங்கட்கிழமை திடீரென்று இழுத்து மூடினார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை மூன்று மாதம் தள்ளலாம் என்றுதான் இதில் சேர்ந்தாள். கணவருக்கு லாரி நிறுத்துமிடத்துக்கு எதிரே பஞ்சர் கடை. பெண்டாட்டி வேலையைப் பற்றி யாராவது நக்கலாகக் கேட்டால் அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே பதில் சொல்வார்: "எங்க ரெண்டு பேருக்கும் ரப்பர்லதாங்க பொழப்பு. ஓட்டை விழுந்த பிறகு நான் ஒட்டுறேன். விழாமலே அவ பாத்துக்கிறா. இதுல யாரு கெட்டிக்காரங்கன்னு நீங்களே சொல்லுங்க." கேட்டவர் காற்று அடித்துக்கொண்டு போய்விடுவார்.

கணவர் சிரித்துச் சமாளித்தார். பெட்டியக்காவுக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒன்பது வருடத்தில் அவள் கண்டுகொண்டது ஒன்றே ஒன்றுதான்: யாரைக் கேட்டாலும் அந்த நோய் பக்கத்து வீட்டுக்குப் போகிற விருந்தாளி. கல்லூரிப் பையன்களுக்கு அது அப்பா காலத்து நோய். அப்பாமார்களுக்கு அது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கொழுப்பு. தையல் ஆலையில் முப்பது, நாற்பது வயதுப் பெண்கள் முன்னால் நின்று பேசினால், "எங்களுக்கு எதுக்குக்கா? எங்க வீட்டுக்காரர் தங்கம்" என்பார்கள். அந்தத் தங்கங்களில் இரண்டு மூன்றை அவளுக்கு லாட்ஜ் வாசலில் பார்த்த பழக்கம் உண்டு. சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு விளக்க அட்டையில் அடுத்த படத்தைக் காட்டுவாள்.

கல்லூரி விடுதி விஷயம் இன்னும் கொடுமை. அங்கே பெட்டியைச் சுவரில் மாட்ட விடாமல் வார்டன் தன் அறை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். வேண்டுமென்றால் பையன்கள் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாமாம். அதற்கு ஒரு பதிவேடு. பெயர், அறை எண், தேதி, காரணம், கையெழுத்து என்று கோடு போட்டு வைத்திருந்தார்.

"காரணமா?" என்று கேட்டாள் பெட்டியக்கா. "இதுக்குக் காரணம் வேற எழுதணுமா சார்?"

"ஒரு ஒழுங்கு வேணும் இல்லம்மா?" என்றார் வார்டன்.

இரண்டு வருடத்தில் அந்தப் பதிவேட்டில் ஒரே ஒரு வரி விழுந்திருந்தது. எழுதியவர் விடுதிக் காவலாளி. காரணம் என்ற இடத்தில், 'உறையில் இருக்கும் எண்ணெயால் ஷூவுக்குப் பளபளப்பு ஏற்ற' என்று உண்மையை எழுதியிருந்தார்.

வாசலில் ஒரு மாணவனைப் பிடித்து நிறுத்தி, நீங்கள் எல்லாம் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டாள். அவன் காதில் இருந்ததைக் கழற்றாமலே, "அதுக்குத்தான் இப்ப மருந்து வந்துருச்சே அக்கா. பயப்பட என்ன இருக்கு?" என்றான்.

"ஆஸ்பத்திரி இருக்குன்னு பஸ்ஸுக்குக் குறுக்க ஓடுவியாடா?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஸ்ஸு வேற, இது வேற" என்று போய்விட்டான்.

இத்தனை எரிச்சலுக்கு நடுவே, அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் நிரப்பிக்கொண்டிருந்த பெட்டி ஒன்று இருந்தது. ஓய்வு பெற்றோர் மன்றத்தில் ஆண்கள் கழிப்பறைக்குள் நுழைந்தவுடன் இடப்பக்கச் சுவரில் இருந்தது அது. யாரும் திட்டம் போட்டு வைத்ததில்லை. அந்தக் கட்டடம் முன்பு ஒரு மருத்துவமனை. அது இடம் மாறியபோது மருந்து அலமாரியைக் கழற்றிக்கொண்டு போனார்கள், ஆணுறைப் பெட்டியை மறந்துவிட்டார்கள். பிறகு ஓய்வு பெற்றவர்கள் அங்கே செய்தித்தாளும் கேரம் பலகையும் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள். பெட்டியக்காவின் பட்டியலில் விலாசம் அப்படியே இருந்ததால் அவளும் போய் நிரப்பிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை அது காலியாகிவிடும். பேருந்து நிலையத்துக்கு அடுத்தபடியாக ஓடிய பெட்டி அதுதான்.

இது மேலாளர் கண்ணில் பட்டதிலிருந்து ஆரம்பித்தது வினை.

மேலாளருக்கு அலுவலகத்தில் 'அட்டவணை' என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கட்டம் போட்ட தாளில் அடங்காத எதையும் அவர் கண் பார்க்காது. தலைமை அலுவலகம் கொடுத்திருந்த படிவத்தில் இரண்டே வயதுக் கட்டங்கள்தான்: பதினைந்து முதல் இருபத்துநான்கு, இருபத்தைந்து முதல் நாற்பத்தொன்பது. மாதக் கணக்கைத் தொகுக்கும்போது மன்றத்துப் பெட்டியை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவருக்குப் புரியவில்லை.

"இது எப்படிம்மா இவ்வளவு போகுது? எலி கடிக்குதா?"

"எலி எதுக்கு சார் பொட்டலத்தப் பிரிச்சுக் கடிக்குது? மனுசங்கதான் எடுக்கிறாங்க."

"அங்க வர்றவங்க எல்லாம் அறுபதுக்கு மேல."

"ஆமா."

அவர் பேனாவால் படிவத்தைத் தட்டினார். "நாப்பத்தொன்பதுக்கு மேல கட்டம் இல்ல."

"நாப்பத்தொன்பதோட ஆசைக்கும் ஓய்வு குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா சார்?"

மேலாளர் காது சிவந்து போய் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. அந்தச் சமயம் பார்த்து மன்றத்திலிருந்தே ஒரு கடிதமும் வந்து சேர்ந்தது. மன்றத்தின் மாண்பைக் குலைக்கும் பொருள் ஒன்று கழிப்பறையில் இருப்பதாகவும், அதை உடனே அகற்றும்படியும் செயலாளர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். வழுக்கி விழப்போனவனுக்கு வாழைப்பழத் தோலையும் போட்ட மாதிரி ஆயிற்று. பெட்டியைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டும்படி உத்தரவு.

பெட்டியக்கா திருப்புளியோடு போனாள். செயலாளர் வாசலிலேயே நின்றார். ஓய்வு பெற்ற நில அளவையாளர், அறுபத்தெட்டு வயது, சட்டைப் பையில் இன்னும் அளவு நாடா. அவள் கழற்றி முடிக்கும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையை அளந்துகொண்டிருந்தார்.

"யாரு எடுக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டாள்.

"வெளியாளுங்க யாராவது இருக்கும்" என்றார் அவர், இவள் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த வாரம் லாரி நிறுத்துமிடத்தில் மாதாந்திர ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. ஒரு கூடாரம், ஒரு மேசை, விரலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுக்கும் நர்ஸ், மறைப்புக்குப் பின்னால் ஆலோசகர். ஓட்டுநர்களைத் திட்டித் திட்டி வரிசையில் நிறுத்துவது பெட்டியக்காவின் வேலை. அந்த லாரிப் புழுதிக்குள், குடை பிடித்துக்கொண்டு, மடிப்புக் கலையாத உடுப்பில் ஒரு பெண்மணி நேராக அவளிடம் வந்தார்.

"நீதானேம்மா பெட்டி வைக்கிறவ? எங்க மன்றத்துப் பெட்டி எங்க?"

அந்தக் குரலை ஊரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் அறிவார்கள். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் இணைப்புக் கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் டெலிபோன் அம்மா என்றுதான் பெயர். பெட்டியக்காவின் கல்யாணச் செய்தியே அந்தக் குரல் வழியாகத்தான் வெளியூர் போயிருந்தது.

"நீங்களா எடுத்தீங்க?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள் பெட்டியக்கா.

"நான் எடுத்தேன், என்னக் கேட்ட இன்னும் நாலு பொம்பளைங்களுக்கும் எடுத்துக் குடுத்தேன். உங்க புண்ணியத்துல அத ஆம்பளைங்க டாய்லெட்ல கொண்டுபோய் மாட்டி வச்சிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு மூணு தடவ இருமி, உள்ள யாரும் இல்லன்னு பாத்துட்டுப் போகணும். சளி பிடிச்சிருக்கான்னு ஊரே என்னக் கேக்குது. ஏம்மா, பொம்பளைங்க பக்கம் ஒரு பெட்டி வைக்கணும்னு உனக்கு ஒரு நாளாவது தோணுச்சா?"

பெட்டியக்கா முப்பத்தெட்டுப் பெட்டிகளையும் மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒன்றுகூடப் பெண்கள் கழிப்பறையில் இல்லை. ஒன்பது வருடமாக ஊரையெல்லாம் திட்டியவளுக்கு அது ஒரு தடவைகூட உறைக்கவில்லை. டெலிபோன் அம்மா மேல் வந்த கோபம் பாதி வழியில் திரும்பித் தன் மேலேயே விழுந்தது.

"படிவத்துல உங்க வயசுக்குக் கட்டம் இல்லம்மா, அதான் கழட்டச் சொல்லிட்டாங்க" என்றாள், குரல் இறங்கி.

"கட்டம் இல்லையா?" டெலிபோன் அம்மா குடையை மடக்கினார். "இங்க ரத்தம் எடுத்தா அதுவும் படிவத்துல ஏறுமா?"

"ஏறும்."

"அப்ப என் விரல்ல குத்தச் சொல்லு. அறுபத்தாறு வயசு ரத்தத்த எந்தக் கட்டத்துல போடுறாங்கன்னு நானும் பாக்கிறேன்."

நர்ஸ் தயங்கினார். "இவங்களுக்கு எதுக்கு அக்கா?" என்று கிசுகிசுத்தார். "எந்தக் கட்டத்துல வேணாலும் போடுங்க, ஓரத்துல எழுதுங்க, தாள் கிழிஞ்சாலும் பரவாயில்ல" என்று எரிந்து விழுந்தாள் பெட்டியக்கா. வரிசையில் இருந்த ஓட்டுநர்கள் வழி விட்டார்கள். டெலிபோன் அம்மா விரலை நீட்டியபோது, ஏதோ பந்தயத்தில் கை தூக்குகிறவர் மாதிரிதான் இருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்களே, அதுதான் நடந்தது. இருபது நிமிடம் கழித்து ஆலோசகர் மறைப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து டெலிபோன் அம்மாவை உள்ளே கூப்பிட்டார். அவர் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது குடையை எடுக்க மறந்துவிட்டு வெயிலில் நடந்தார். பெட்டியக்கா குடையோடு பின்னால் ஓடினாள். என்ன ஆயிற்று என்று கேட்கக் கூடாது என்பது அவளுடைய வேலையின் முதல் விதி. கேட்கவில்லை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

பஞ்சர் கடைப் பக்கம் வந்ததும் டெலிபோன் அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். பெட்டியக்காவின் கணவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கூப்பிடாமலே லாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"இருக்காம்" என்றார் டெலிபோன் அம்மா. "பெரிய ஆஸ்பத்திரில இன்னும் ரெண்டு டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணுவாங்களாம். ஆனா அந்த ஆலோசகர் பொண்ணு மூஞ்சியப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

பெட்டியக்காவுக்கு முதலில் வந்த நினைப்பு அசிங்கமானது. 'இந்த வயசுலயா?' என்றுதான் தோன்றியது. தோன்றிய மறு நொடியே தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. ஊரில் யார் யாரைத் திட்டினாளோ அத்தனை பேரும் அவள் தலைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

உறுதிப் பரிசோதனைக்கு அவள்தான் கூடப் போனாள். பெரிய மருத்துவமனையில் மருத்துவர் பழைய சீட்டுகளையெல்லாம் கேட்டார். டெலிபோன் அம்மா ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் முதுகில் அக்கி. 'வயசானா வரும்' என்றார் ஒருவர். பிறகு எட்டுக் கிலோ எடை குறைந்தது. 'தனியா இருக்கீங்க, சரியாச் சாப்பிடுறதில்ல' என்றார் இன்னொருவர். நாக்கில் வெள்ளை படிந்தபோது பல்செட்டைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். செய்தார். மறுபடியும் படிந்தது. இரண்டாவது பல்செட்டும் செய்தார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஐந்து மருத்துவர்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ரத்தம் பாக்கலாமான்னு இவங்ககிட்ட யாருமே கேக்கலையா டாக்டர்?" பெட்டியக்காவின் குரல் வராந்தாவரை போயிற்று.

மருத்துவர் இளையவர். சீட்டுகளை அடுக்கியபடி, "நானா இருந்தாலும் கேட்டிருப்பேனான்னு தெரியலம்மா" என்றார். அவர் ஒளிக்காமல் சொன்னது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. திட்டுவதற்குக்கூட ஒரு பொய்யன் கிடைக்கவில்லை.

கிருமி உடம்புக்குள் வந்து பல வருடம் இருக்கும் என்றார் அவர். டெலிபோன் அம்மாவின் கணவர் பாலம் கட்டும் வேலைக்காக ஊர் ஊராகப் போய்த் தங்கியவர். இறந்து எட்டு வருடம். நெஞ்சுச் சளி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரிடமிருந்தா என்று உறுதியாகச் சொல்ல இனி வழியில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது டெலிபோன் அம்மா அவரைப் பற்றிப் பேசினார்.

"அவரு வெளியூர்லேருந்து பேசினா நான்தான் லைன் குடுப்பேன். எனக்கு நானே. பக்கத்துல யாரோ சிரிக்கிற சத்தம் சில தடவ கேட்டிருக்கேன். கேட்டும் வயரைப் பிடுங்கல."

இறங்கும் இடம் வந்ததும் மாத்திரைப் பையைப் பெட்டியக்கா வாங்கிக்கொண்டாள்.

தினமும் மாத்திரை போட்டால் சில மாதத்தில் ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு அடங்கிவிடும், அப்படி அடங்கியே இருந்தால் உறவின் மூலம் இன்னொருவருக்கு ஒட்டாது, இன்னும் இருபது வருடம்கூட வாழலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த பொட்டலங்கள் எல்லாம் தனியாளுக்கு ஆகிற சாமான் இல்லையே.

"ஆமா, ஒருத்தர் இருக்கார்" என்றார் டெலிபோன் அம்மா. "ரெண்டு வருசமா. வா, உன் முன்னாடியே சொல்லிடுறேன். தனியாச் சொன்னா அவருக்குக் காது கேக்காது."

அழைத்துக்கொண்டு போய் நிறுத்திய இடம் மன்றத்தின் கேரம் பலகை. மத்தியான நேரம், வேறு யாரும் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தனக்குத் தானே ஆடிக்கொண்டிருந்தவர் செயலாளர்.

பெட்டியக்கா பலகைக்கு முன்னால் போய் நின்றாள். "நீங்களா சார்? கழட்டச் சொல்லி லெட்டர் எழுதினது நீங்கதானே?"

"நாலு உறுப்பினர்கள் புகார் எழுதிக் குடுத்தாங்க. நான் செயலாளர். கையெழுத்துப் போட்டே ஆகணும்" என்றார் அவர், வெள்ளைக் காயை ஓரத்தில் சரி செய்தபடி.

"வீட்டுக்குள்ள பேசுறது ஒரு வாய். கழட்டச் சொல்றது இன்னொரு வாயா?"

"நீ இரும்மா" என்று தடுத்துவிட்டு டெலிபோன் அம்மா விஷயத்தைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. தொலைபேசி எண்ணைப் படிக்கிற மாதிரி, தெளிவாக, ஒரே மூச்சில் சொன்னார். செயலாளரின் விரல் காய் மேல் அப்படியே நின்றது. முகம் வெளுத்தது. அழப்போகிறார் என்று பெட்டியக்கா நினைத்தாள். அவர் அழவில்லை.

"உனக்கு மருந்து குடுத்துட்டாங்களா? பிழைச்சுக்குவியா?" என்று மட்டும் கேட்டார். டெலிபோன் அம்மா தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி. எனக்குப் பரிசோதனை எல்லாம் வேணாம். எனக்கு வராது."

"ஏன் வராது?" என்றாள் பெட்டியக்கா.

"நான் ஒழுக்கமானவன்மா. எனக்கு அறுபத்தெட்டு வயசு. என்னைப் போய்..."

பெட்டியக்கா பொறுமையை இழந்து வாயைத் திறப்பதற்குள் டெலிபோன் அம்மா முந்திக்கொண்டார். "இங்க பாருங்க. உங்களுக்கு வராம இருந்தா அது உங்க ஒழுக்கத்தால இல்ல, என் பிடிவாதத்தால. பிள்ளை பிறக்கப்போகுதா நமக்கு, இது எதுக்குன்னு எத்தனை தடவ கேட்டீங்க? நான் விட்டேனா?"

செயலாளர் வெள்ளைக் காயைக் குழிக்குள் தள்ளினார்.

"இவ்வளவு உறுதியா எப்படிம்மா இருந்தீங்க?" என்று கேட்டாள் பெட்டியக்கா. "நான் நாள் முழுக்கப் படம் காட்டிச் சொன்னாலும் ஒருத்தரும் கேக்கிறதில்ல."

"முப்பத்தஞ்சு வருசம் ஊரோட காதுக்குள்ள உக்காந்திருந்தவ நான். எந்த ஆம்பளை சொல்ற கதையையும் முழுசா நம்புறதில்ல. இவர்கிட்டேருந்து எனக்கு ஏதாவது வந்துடக் கூடாதுன்னு பயந்துதான் உறையைப் பிடிச்சுக்கிட்டேன்." அவர் பலகையில் கிடந்த காய் ஒன்றை நேராக வைத்தார். "கடைசில பாத்தா, என்கிட்டேருந்து இவரைக் காப்பாத்தியிருக்கேன்."

அதைக் கேட்டதும் செயலாளர் எழுந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "எங்க குத்தணும்? கையிலயா, விரல்லயா?" என்றார்.

விரலில்தான் குத்தினார்கள். இல்லை என்று வந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றதற்கு, ஒரு தடவை பார்த்தாயிற்றே என்று அவர் நர்ஸோடு கால்மணி நேரம் வாதாடினார். பெட்டியக்கா தேதியை அவர் கையிலேயே பேனாவால் எழுதிவிட்டாள்.

மன்றத்துக்குப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவருவதுதான் பெரிய பாடாகிவிட்டது. மேலாளர் மனம் இளகினார், படிவம் இளகவில்லை. "தலைமை அலுவலகத்துல கேக்கணும்மா" என்றார். கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. நினைவூட்டலுக்கும் பதில் இல்லை. நல்ல காரியம் என்றால் சாண் ஏற முழம் சறுக்குகிறது. அலுத்துப்போய் ஒரு நாள் அதை டெலிபோன் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"நம்பர் குடு" என்றார் அவர்.

மறுநாளிலிருந்து தினமும் காலை பத்தேகாலுக்குத் தலைமை அலுவலகத்தில் மணி அடித்தது. "வணக்கம். வயதுக் கட்டம் சம்பந்தமாப் பேசணும். யாரு பாப்பாங்க? அவர் இல்லையா? பரவாயில்லை, நான் லைன்லயே இருக்கேன்." அவர் நிஜமாகவே லைனில் இருப்பார். ஒரு கையில் செய்தித்தாள், ஒரு கையில் ரிசீவர். எந்த மாடியில் எந்த மேசை, யார் எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போவார் என்பதெல்லாம் இரண்டே வாரத்தில் அவருக்கு அத்துப்படி. பத்தொன்பதாவது நாள் யாரோ ஒருவர், இந்தத் தொல்லை விட்டால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

புதுப் படிவம் வந்தது. மூன்றாவது கட்டம் ஒன்று முளைத்திருந்தது: 'ஐம்பதும் அதற்கு மேலும்'.

பெட்டியக்கா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்பதும் ஒரே கட்டம், தொண்ணூறும் ஒரே கட்டமா? மத்தவங்களுக்குப் பிரிச்சுப் பிரிச்சுப் போடுறாங்க, உங்களயெல்லாம் ஒரே மூட்டைல கட்டிட்டாங்களே!"

"மூட்டைல இடம் கிடைச்சுதே, முதல்ல பெட்டிய மாட்டு" என்றார் டெலிபோன் அம்மா. மாத்திரை ஆரம்பித்து ஐந்து மாதமாகியிருந்தது. எட்டுக் கிலோவில் நாலு கிலோ திரும்பி வந்திருந்தது. நாக்கு சுத்தமாகிவிட்டதால் முதல் பல்செட்டையே மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது பல்செட்டுக்கான பணத்தை எந்த மருத்துவர் தருவார் என்பது மட்டும் அவருக்குத் தீராத கோபம்.

செயலாளருக்கு மூன்றாம் மாதப் பரிசோதனையிலும் இல்லை என்றே வந்திருந்தது. மன்றக் கூட்டத்தில் அவரே எழுந்து தீர்மானம் கொண்டுவந்தார். மன்றத்தின் மாண்பைக் காக்கும் பொருட்டு, என்று ஆரம்பித்தார். யார் கதையையும் சொல்லவில்லை. பெட்டியக்காவைப் பேசச் சொன்னார்கள். அவள் அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். கேள்விகள் இரண்டரை மணி நேரம் ஓடின. அத்தனையும் தாளில் எழுதி, நாலாக மடித்து, பெயரில்லாமல் வந்த கேள்விகள். தையல் ஆலையில், கல்லூரியில், லாரி நிறுத்துமிடத்தில் யாரும் இவ்வளவு விவரமாகக் கேட்டதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு வறட்சியால் காயம் படுகிறதே, அதனால் ஆபத்து கூடுமா என்று ஒரு தாள் கேட்டது. கூடும் என்று சொல்லி, அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் சொன்னாள். கண்ணாடி போட்டும் காலாவதித் தேதி தெரியவில்லை, பெரிய எழுத்தில் அச்சடிக்க மாட்டார்களா என்று இன்னொரு தாள். அதைக் குறித்துக்கொண்டாள். கூட வந்திருந்த நர்ஸிடம் அன்றைக்கே பதினேழு பேர் விரல் நீட்டினார்கள். யாருக்கும் இல்லை என்று வந்தது. பதினெட்டாவது ஆள் வரிசையில் நின்றுவிட்டு, தொலைக்காட்சியில் நாடகம் ஆரம்பித்துவிடும் என்று போய்விட்டார்.

பெட்டி மாட்டும் நாள் வந்தது. இந்தத் தடவை இரண்டு பெட்டிகள். பெண்கள் பக்கம் ஒன்று, ஆண்கள் பக்கம் ஒன்று. கணவரின் கடையிலிருந்து துளை போடும் இயந்திரத்தைக் கொண்டுவந்திருந்தாள். பெண்கள் பக்கப் பெட்டிக்குச் சுவரில் குறி வைத்ததும் பின்னால் கூட்டம் கூடிவிட்டது.

"கொஞ்சம் மேல. குனிய முடியாது, இடுப்பு பிடிச்சுக்கும்" என்றார் ஒருவர்.

"மேல வச்சா எனக்குக் கை தூக்க முடியாது, தோள்பட்டை போயிருச்சு" என்றார் இன்னொருவர்.

"லைட்டுக்குப் பக்கத்துல வைம்மா, எழுத்துத் தெரியணும்."

"லைட்டுக்குப் பக்கத்துல வச்சா யாரு எடுக்கிறான்னு எல்லாருக்கும் தெரியும்."

செயலாளர் பையிலிருந்து நாடாவை எடுத்து, தரையிலிருந்து நாலடி இரண்டங்குலம் என்று அறிவித்தார். பெண்கள் பக்கத்து உயரத்தை ஆண்கள் எப்படித் தீர்மானிக்கலாம் என்று டெலிபோன் அம்மா கேட்டார். நியாயம்தான் என்று நாலு பேர் சொன்னார்கள். அளவென்றால் அளவுதான், இதில் ஆண் என்ன பெண் என்ன என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

பெட்டியக்கா இயந்திரத்தை ஒரு கையிலும் பெட்டியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றாள். கை கடுத்தது. இன்னும் ஏலக்கூடம் போக வேண்டும், லாட்ஜ் போக வேண்டும், விடுதி வார்டனிடம் அந்தப் பதிவேட்டைப் பற்றி ஏழாவது தடவையாகச் சண்டை போட வேண்டும்.

"அம்மாமாரே, ஐயாமாரே!" என்று கத்தினாள். "எந்த உயரத்துல வேணும்னு யாராவது ஒருத்தர் மட்டும் சொல்லுங்க. இல்லன்னா என் உயரத்துக்கு மாட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் எம்பி எம்பி எடுங்க."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவள் பெருமூச்சு விட்டு, நாலடி என்று தானே முடிவு செய்து, சுவரில் துளை போட்டாள்.